கினிப்பன்றியின் பற்களும் அவற்றின் பராமரிப்பும்

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியைத் தாயகமாகக் கொண்ட கினிப்பன்றிக்கு மொத்தம் 20 பற்கள் உள்ளன. முன்புறம் மேலும் கீழுமாக 4 வெட்டுப்பற்களும், உள்ளே 16 அரைக்கும் பற்களும் அமைந்திருக்க, இடையில் கோரைப்பற்கள் இல்லாத வெற்றிடம் காணப்படுகிறது. இவை அனைத்தும் வாழ்நாள் முழுவதும் வளர்பவை என்பதால், வளரும் அளவுக்குத் தேய்ந்துகொண்டே இருப்பது இன்றியமையாதது.

இத்தேய்மானத்தைத் தருவது நார் மிகுந்த உலர்புல்லே ஆகும். அதற்குப் பதிலாகக் குருணைத் தீவனமே பெரும்பங்கு வகித்தால், மெல்லும் நேரம் குறைந்து, கீழ்க் கடைவாய்ப்பற்கள் உள்நோக்கி நீண்டு, நாக்கின் மேல் பாலம்போல் வளைந்து அதை அழுத்துவதால், பசி இருந்தும் விலங்கால் விழுங்க இயலாமற் போகிறது. மேலும், மனிதரைப் போலவே கினிப்பன்றியாலும் வைட்டமின் சி-யைத் தன் உடலில் உருவாக்கிக்கொள்ள முடியாது. இச்சத்து குறைந்தால் பற்களைத் தாடையுடன் பிணைக்கும் திசுக்கள் தளர்ந்துவிடும் என்பதால், குடைமிளகாய் போன்ற காய்களை நாள்தோறும் தருவது நல்லது.

தாடை எச்சிலால் நனைந்திருத்தல், கவ்விய உணவை நழுவவிடுதல், எடை குறைதல் ஆகியவை பல் நோயின் அறிகுறிகளாகும். இரை விலங்கான இது தன் வலியை மறைக்கும் இயல்புடையது. ஆகவே வாரந்தோறும் எடை பார்ப்பது அவசியம். நகவெட்டியால் பற்களை வெட்டினால் அவை பிளவுபடக்கூடும் என்பதால், வளர்ப்போர் அதைத் தவிர்த்து, உடனே கால்நடை மருத்துவரை நாட வேண்டும்.