டிராக்டர் பிரேக்: இரண்டு பக்கமும் பாருங்கள், ரசீதை வாங்குங்கள்

ராயகிரி, சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் தொளி உழவுக்கும் கரும்பு லோடுக்கும் பழைய டிராக்டர்கள்தான் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் பலவற்றுக்கு ஒரு பக்கப் பிரேக் மட்டுமே பிடிக்கும். கேட்டால், "வயலுக்குள்ள ஓடுற வண்டிக்கு எதுக்குப் பிரேக்கு?" என்கிறார்கள். அதே வண்டிதான் சாயங்காலம் டிரெய்லரோடு திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையில் ஏறுகிறது.

டிராக்டருக்கு இடச்சக்கரத்துக்கு ஒன்று, வலச்சக்கரத்துக்கு ஒன்று எனத் தனித்தனி பிரேக் பெடல்கள். வயலில் திருப்புவதற்கு அது வசதி. சாலையில் இரண்டையும் கொண்டி போட்டு இணைக்க வேண்டும். இணைக்காமல் வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி சுழன்று கவிழும். பல டிரெய்லர்களுக்குத் தனிப் பிரேக் கிடையாது. பின்னால் தள்ளும் சுமை முழுவதையும் டிராக்டர் பிரேக்தான் தாங்க வேண்டும்.

பிரேக் வேலைக்கு விடுமுன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். லைனிங் தேய்ந்ததா, அச்சு ஆயில் சீல் கசிந்து லைனிங் நனைந்ததா, தொளிச் சேறு உள்ளே புகுந்ததா? ஆயிலில் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவுவதும் தீயில் காட்டுவதும் வீண் வேலை. முதலில் சீலை மாற்றுங்கள், பிறகு லைனிங்கை. ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள். இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஸ்பிரிங்குகளையும் அப்போதே பாருங்கள். பெடல் ஆட்டம் இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். அந்த அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். ஆயிலுக்குள் மூழ்கி வேலை செய்யும் பிரேக் என்றால் கையேடு சொல்லும் ஆயிலையே ஊற்றுங்கள்.

பழைய லைனிங் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகாதீர்கள். கட்டை கொடுத்து நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் ஆளில்லாத சமதளத்தில், கொண்டி போட்டு, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் வேலை முடியவில்லை.

இனி காகிதம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 190: சாதாரணக் கவனத்தில் தெரியக்கூடிய குறையோடு வண்டியை ஓட்டினாலே 1,500 ரூபாய் அபராதம். அதனால் விபத்தாகி ஒருவர் காயப்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "எனக்குத் தெரியாது" என்ற பதில் அங்கே எடுபடாது.

விபத்துக்குப் பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் பிரேக்கைச் சோதித்து அறிக்கை எழுதுவார். வழக்கில் அந்த அறிக்கைக்குப் பெரிய இடம் உண்டு. அவர் பார்க்குமுன் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிரேக்கை ஒழுங்காகப் பராமரித்தீர்கள் என்று காட்ட உங்களிடம் இருக்கப்போவது பட்டறை ரசீதுதான். வண்டி எண், தேதி, மாற்றிய உதிரிபாகம், கையெழுத்து நான்கும் அதில் வேண்டும். துண்டுச்சீட்டில் தொகை மட்டும் எழுதி வாங்காதீர்கள். போலி லைனிங் என்று தெரிந்தால் பழுதான பாகத்தை எறியாமல் வைத்து, 1915 எண்ணில் புகார் சொல்லுங்கள். அதிலும் தீராவிட்டால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

டிராக்டர் பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். முடியும் தேதிக்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25-ஐ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு, அதையும் பாருங்கள். புரோக்கர் கையில் பதிவுச் சான்றை (ஆர்.சி.) கொடுத்துவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். புதுப்பிக்கும்போது ஆய்வாளர் வாசலில் நிற்கும் வண்டியை எட்டிப் பார்த்துக் கையெழுத்திடுவது சோதனை அல்ல. ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பழைய வண்டியை விற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்திரத்தாளில் எழுதிக் கொடுத்தால் பொறுப்பு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கு 14 நாளுக்குள் அதே அலுவலகத்தில் படிவம் 29 கொடுங்கள். வாங்கியவரைப் படிவம் 30 கொடுக்க வையுங்கள். ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும்வரை, அந்த வண்டி யாரை இடித்தாலும் இழப்பீட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.