'அம்மா'வைப் படிக்கத் தெரியாத கணினி

மயிலாப்பூர் மாடவீதிப் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்குக் கணினியில் இரண்டு மூன்று வேலைதான். வெளிநாட்டுப் பேரனோடு வீடியோவில் பேசுவது, பென்ஷன் கணக்கைப் பார்ப்பது, என்றோ தட்டிவைத்த குடும்ப வரலாற்றைத் திறந்து நாலு வரி சேர்ப்பது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறிய வீடுகளில் முதல் நாள் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான்.

"ஸ்டார்ட் எங்கடா போச்சு?"

"நடுவுல இருக்கு தாத்தா."

விண்டோஸ் 95 காலத்திலிருந்து திரையின் இடது மூலைக்கே போய்ப் பழகிய கைக்கு இது சின்ன விஷயமில்லை. கண்ணுக்கு முன்னால் கை போய்விடும். வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலில் கட், காப்பி, பேஸ்ட் என்ற சொற்களை எடுத்துவிட்டு வெறும் குறிப்படங்களை வைத்தார்கள். ஜனங்கள் முணுமுணுத்த பிறகு, படத்தின் கீழே சொற்கள் திரும்பி வந்தன. ஸ்டார்ட்டையும் பழைய மூலைக்கே அனுப்பலாம்: செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், அதற்குள் டாஸ்க்பார், அங்கே சீரமைப்பை 'இடது' என்று மாற்றினால் போதும்.

ஆனால் முதலில் திறக்கவேண்டிய பக்கம் வேறு. விண்டோஸ் விசையோடு 'யு'வை அழுத்தினால் ஆக்சஸிபிலிட்டி பக்கம் வரும். பலர் இதை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை; 'அது மாற்றுத்திறனாளிகளுக்கு, நமக்கெதற்கு' என்ற நினைப்பு. கண்புரை அறுவை முடிந்தவருக்கும், கை நடுங்குகிறவருக்கும் வேண்டியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. எழுத்தை மட்டும் 225 சதவீதம் வரை பெரிதாக்கலாம். மவுஸ் அம்புக்குறியைத் தடிமனாக்கி, கண்ணைப் பறிக்கும் நிறம் பூசலாம். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த முடியாதவர்கள் ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால், ஒவ்வொன்றாக அழுத்தும் வசதிக்கு வழி திறக்கும். விண்டோஸ் 95-லேயே வந்துவிட்ட வசதி இது. முப்பது வருடமாகக் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

பார்வையற்றவர்களுக்கு ஸ்டார்ட் எந்த மூலையில் இருந்தால் என்ன? விண்டோஸ் விசையைத் தட்டினால் திறந்துவிடும். அவர்களுடைய சங்கடம் வேறு. எத்தனையாவது டேப் அழுத்தலில் எது வரும் என்று விரல் கணக்கு வைத்திருக்கும். செட்டிங்ஸில் வரிசை மாறினால் அந்தக் கணக்கு மொத்தமும் பாழ். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள்கள் ஒரு காலத்தில் கணினி விலைக்கு விற்றன. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன், பார்வையற்றவர், 2006-ல் என்விடிஏ என்ற திரைவாசிப்பானை எழுதத் தொடங்கி இலவசமாகவே கொடுத்தார். அதைத் தமிழ் இடைமுகத்தோடும் பயன்படுத்தலாம். அடையாறைத் தொட்டுக்கொண்டிருக்கும் சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தி தலைமையிலான கூட்டு முயற்சி, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்குக் குரல் உருவாக்கி, என்விடிஏவோடும், லினக்ஸ் இயங்குதளத்தின் திரைவாசிப்பானான ஓர்காவோடும் இணைத்தது. விண்டோஸிலேயே தமிழ்க் குரல் ஒன்று உண்டு. அதன் பெயர் வள்ளுவர்! திருவள்ளுவர் தங்கள் ஊர்க்காரர் என்று நம்பி, அவருக்குக் கோயிலும் வைத்திருக்கும் மயிலாப்பூரில் இதைச் சொன்னால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள்.

எல்லாக் கணினியும் விண்டோஸ் 11-க்கு ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். மற்றவற்றுக்கு லினக்ஸ் ஒரு வழி. தமிழ்நாட்டுக்கு அது புதிதல்ல. தி.நகரை அடுத்த நந்தனத்தில் இருக்கும் தமிழக அரசு நிறுவனம் எல்காட், உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோதே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை.

எந்தப் பக்கம் மாறினாலும் தமிழருக்கென்றே ஒரு தலைவலி காத்திருக்கிறது. தாத்தாவின் குடும்ப வரலாறு பாமினி எழுத்துருவில் தட்டியதாக இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத புதுக் கணினியில் 'அம்மா' இருந்த இடத்தில் ஆங்கிலத்தில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று நிற்கும். ஃபைல் கெட்டுவிட்டதென்று பதறுவார்கள். கெடவில்லை. அது எப்போதுமே அப்படித்தான் இருந்தது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேஷம் கட்டிவிட்டது பாமினி. யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் பலவும் இந்த ரகம். அதாவது, எழுத்துரு தொலைந்த அன்று பார்வையுள்ளவர் காண்பதைத்தான், அதே ஃபைலில் பார்வையற்றவர் இத்தனை வருடமாகக் காதால் கேட்டுக்கொண்டிருந்தார். தமிழக அரசு 2010-ல் யுனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் தட்டிய ஆவணங்கள் இன்னும் கண்ணில் படத்தான் செய்கின்றன.

மருந்து கைக்கெட்டும் தூரத்தில்தான். சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா இலவசமாகத் தந்த என்எச்எம் கன்வெர்ட்டரில் ஒரு பக்கம் பாமினி, மறு பக்கம் யுனிகோடு என்று தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளலாம். பிறகு செட்டிங்ஸின் மொழிப் பகுதியில் தமிழ்க் குரலைச் சேர்த்து, விண்டோஸின் சொந்தத் திரைவாசிப்பானான நரேட்டருக்கும் அதையே தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் ஒன்றாக அழுத்தவேண்டும். குடும்ப வரலாற்றின் முதல் வரிக்குப் போனால், கொஞ்சம் மூக்கடைத்தாற்போலத்தான், ஆனால் 'அம்மா' என்றே வாசிப்பார் வள்ளுவர்.