பல்சக்கரம் இல்லாத பிணைப்பு

மேட்டூர் அணையின் அடிவாரத்தில் நீர்மின் நிலையம் 1937 முதல் இயங்கிவருகிறது. மின்தேவை குறைந்து ஜெனரேட்டரின் சுமை இறங்கினால், டர்பைன் வேகம் எடுக்கப் பார்க்கும். கவர்னர் என்ற கருவி அதை உடனே உணர்ந்து, தண்ணீர் பாயும் வழியைச் சுருக்கும். சுமை ஏறினால் வழியை அகலத் திறக்கும். அளப்பது, வேண்டிய அளவோடு ஒப்பிடுவது, திருத்துவது: இந்த மூன்றும் ஓயாமல் நடப்பதால்தான் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் நிலைக்கிறது.

அதே மூன்று வேலைகளை, இன்னும் பல மடங்கு நுணுக்கமாக, சேலம், நாமக்கல் வட்டாரத்து லேத் பட்டறைகளில் நிற்கும், கணினிக் கட்டளையில் இயங்கும் சி.என்.சி. எந்திரங்கள் செய்கின்றன. முதலில் வேகத்தைப் பார்ப்போம்.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நேராக ஓடும் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்றுக் குறைவாக, ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழலும். பழைய லேத்தில் வேகத்தை மாற்ற பெல்ட்டையோ கியரையோ மாற்ற வேண்டும். சி.என்.சி.யில், ஸ்பிண்டில் என்ற சுழலும் தண்டை இயக்கும் டிரைவ் அந்த மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, பிறகு வேண்டிய அதிர்வெண்ணில் புதிதாக மாறுமின்னோட்டத்தை உருவாக்குகிறது. அதனால் வேகம் நம் சொல்லுக்குக் கட்டுப்படுகிறது.

100 மி.மீ. விட்டமுள்ள ஜாப்பின், அதாவது கடையப்படும் துண்டின், முகத்தை நிமிடத்துக்கு 150 மீட்டர் வெட்டு வேகத்தில் கடைவதாக வைத்துக்கொள்வோம். விளிம்பில் சுமார் 477 ஆர்.பி.எம். போதும். டூல் உள்நோக்கி நகர்ந்து 20 மி.மீ. விட்டத்தை எட்டும்போது 2387 வேண்டும். ஜி96 என்ற கட்டளை இந்த ஏற்றத்தைத் தானாகவே நடத்துகிறது. மையத்தில் விட்டம் பூஜ்யம் என்பதால், கணக்குப்படி வேகம் எல்லையில்லாமல் போகும். ஆகவே உச்ச வேகத்தை ஆபரேட்டர் முன்கூட்டியே கட்டிவைப்பார்.

வேகம் கைக்கு வந்தால் மட்டும் மரை வெட்ட முடியாது. போர்வெல் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டில், பூமிக்குள் இறங்கும் ராட்களை ஒன்றோடொன்று இணைப்பது மரைதான். ராட்களில் பரவலாக உள்ள ஏ.பி.ஐ. ரெகுலர் மரை, 2⅜ முதல் 3½ அங்குல அளவு வரை, அங்குலத்துக்கு 5 புரி கொண்டது. ராட் ஒரு சுற்று சுற்றும்போது டூல் 5.08 மி.மீ. நகர வேண்டும். மரையின் ஏறத்தாழ 3 மி.மீ. ஆழத்தை ஒரே வெட்டில் எடுக்க முடியாது. டூல் பலமுறை போய் வரும். ஒவ்வொரு முறையும் அதே பள்ளத்தில், அதே கோணத்தில் நுழைய வேண்டும். அரைச் சுற்று பிந்தினால் டூல் 2.54 மி.மீ. விலகி, முன்பு வெட்டாமல் விட்ட மேட்டையே தின்றுவிடும்.

பழைய லேத்தில் ஸ்பிண்டிலையும், டூலை நகர்த்தும் லீட் ஸ்குரூவையும் பல்சக்கரங்கள் கட்டிவைத்திருக்கும். சி.என்.சி.யில் அந்தச் சங்கிலி கிடையாது. ஸ்பிண்டிலோடு சுழன்று அதன் கோணத்தை அளக்கும் என்கோடர்தான் ஸ்பிண்டிலையும் டூலின் நகர்வையும் இணைக்கிறது. 1024 துடிப்புகள் தரும் என்கோடரில், கால் துடிப்பு விலகிய இரண்டு வரிசைகள் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு சுற்று 4096 படிகளாகிறது. நம் மரையில் ஒரு படிக்கு டூலின் நகர்வு 1.2 மைக்ரான் மட்டுமே. சுற்றுக்கு ஒரே ஒருமுறை வரும் இன்னொரு துடிப்பு, 'இதுதான் தொடக்கம்' என்று சொல்லும். அந்தத் துடிப்பு வரும்வரை டூல் காத்திருந்து புறப்படுகிறது.

நின்ற நிலையிலிருந்து முழு வேகம் பிடிக்க டூலுக்குச் சற்று தூரம் தேவை. அதனால்தான் மரைக்குச் சில மி.மீ. முன்னாலிருந்தே அதை ஓடவிடுகிறார்கள். வெட்டுக்கு வெட்டு ஆர்.பி.எம். மாறினால் இந்தத் தூரமும் மாறி, மரை பிசகும். எனவே மரை வெட்டும்போது ஜி96-ஐ விலக்கி, ஜி97 கட்டளையால் ஒரே ஆர்.பி.எம்.மில் நிறுத்துகிறார்கள்.

ஸ்பிண்டிலின் கோணத்தை அறிவது மரைக்கு மட்டும் உதவுவதில்லை. மில்லிங் சென்டரில் டூல் மாற்றும்போது எம்19 என்ற கட்டளை, சுழலும் ஸ்பிண்டிலைக் குறித்த கோணத்தில் நிறுத்துகிறது. ஸ்பிண்டில் முகத்திலுள்ள சாவிக்கட்டைகள் டூல் ஹோல்டரின் பள்ளங்களில் பொருந்த அந்தக் கோணம் அவசியம்.

ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் இந்தத் தொழிலைப் பயிலும் இளைஞர்கள் ஜி-கோடுகளை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடக் கூடாது. ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் எது அளக்கப்படுகிறது, எதோடு ஒப்பிடப்படுகிறது, எது திருத்தப்படுகிறது என்று கேட்டுப் பழக வேண்டும். அதைப் புரிந்துகொண்டவருக்கு லேத்தும் விளங்கும், மேட்டூர் டர்பைனும் விளங்கும்.