ஐந்து கடை மூன்றானால்...



அரிசி, மா, சீனியின் விலை ஏறினால் அதை முதலில் உணர்பவள் இல்லத்தரசிதான். இன்று நமது மாதச் செலவில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. அதுதான் ரீலோட். மத்திய கிழக்கில் உழைக்கும் கணவருடனோ மகளுடனோ பேசவும், பிள்ளையின் பாடக் குறிப்பைப் பெறவும் கைத்தொலைபேசி வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயமாக இருந்தாலும், எல்ல நகரத்துக் கடைவீடாக இருந்தாலும் இச்செலவு இல்லாத குடும்பம் அரிது. ஆனால் இந்தச் சேவையை நமக்கு விற்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

ஐவர் மூவரான வரலாறு

இலங்கையில் முதன்முதலில் கைத்தொலைபேசிச் சேவையை 1989ல் தொடங்கியது செல்டெல். பின்னர் அது டிகோ என்றும், எடிசலாட் என்றும் கைமாறியது. 1995ல் டயலொக் வந்தது. மொபிடெல், ஹட்ச் ஆகியனவும் களத்தில் இருந்தன. 2009 ஜனவரியில் இந்தியாவின் ஏர்டெல் ஐந்தாவதாக வந்து சேர்ந்தது. வந்தவுடன் கட்டணங்கள் மளமளவென விழுந்தன. நிறுவனங்கள் நட்டத்தில் தத்தளித்தன. ‘இதற்குக் கீழே விற்கக் கூடாது’ என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2010ல் குறைந்தபட்சக் கட்டணம் விதிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது.

அதன் பின் எண்ணிக்கை சுருங்கத் தொடங்கியது. 2018 நவம்பரில் எடிசலாட் ஹட்ச்சுடன் இணைந்தது. 2024 ஜூனில் ஏர்டெல் லங்கா டயலொக் வசமானது. அதற்கு ஈடாக டயலொக்கில் 10.355 வீதப் பங்கு ஏர்டெலின் தாய் நிறுவனத்துக்குக் கிடைத்தது. நேற்றைய போட்டியாளர் இன்று பங்காளி!

இப்போது எஞ்சியிருப்பவர்கள் மூவர். டயலொக்கின் தாய் நிறுவனம் மலேசியாவில் இருக்கிறது. ஹட்ச்சின் தாய் நிறுவனம் ஹொங்கொங்கில். மொபிடெல், அரசு ஏறக்குறைய பாதிப் பங்கு வைத்திருக்கும் ஸ்ரீலங்கா டெலிகொமுக்குச் சொந்தம்.

விலையேற்றம் எல்லாம் சுரண்டலா?

நீதியாகவே பேசுவோம். 2022 செப்டெம்பரில் தொலைபேசிக் கட்டணங்கள் 20 வீதம் உயர்ந்தன. ரூபாயின் பெறுமதி சரிந்ததே அதற்குக் காரணம். ஆணைக்குழுவின் அனுமதியுடனேயே அது நடந்தது. நட்டத்தில் ஓடும் சிறிய நிறுவனம் பெரியதுடன் சேர்வதில் நன்மையும் உண்டு. ஒரே குன்றில் இரண்டு கோபுரம் கட்டும் வீண்செலவு மிஞ்சும்.

ஆனால் அயல்நாட்டைப் பாருங்கள். இந்தியாவில் 2016ல் ஜியோ இலவசமாகக் கொடுத்துக்கொண்டு நுழைந்தது. சில நிறுவனங்கள் மூடப்பட்டன, சில ஒன்றோடொன்று இணைந்தன. தனியார் துறையில் மூன்று பெரியவர்களே மிஞ்சினர். 2024 ஜூலையில் அம்மூவரும் ஒரு சில நாள் இடைவெளியில் 10 முதல் 25 வீதம் வரை கட்டணத்தை உயர்த்தினர். வாடிக்கையாளருக்குப் போக வேறு வாசல் அதிகம் இருக்கவில்லை.

மலைக்குப் பின்னால்

நமது ஊவா மலைகளில் நிலைமை இன்னும் கடினம். உல்லாசப் பயணிகள் நிறையும் எல்ல நகரத்தில் சிக்னலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மலை மறைக்கும் பள்ளத்தாக்குகளில் ஒரே ஒரு நிறுவனத்தின் சிக்னல் மட்டும் எட்டும் இடங்கள் உண்டு. நாட்டில் மூன்று கடை என்றாலும் அங்கு வாழும் தாய்க்கு இருப்பது ஒரே கடைதான்.

2021ல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியையும் சிக்னல் தேடிக் காட்டு வழியே பாறை உச்சிக்கு ஏறினார்கள். லுணுகலையில் பெரியவர்கள் பிள்ளைகளை மலைமேலிருந்த மரக்குடிலுக்குக் கூட்டிச் சென்றார்கள். அப்போது நாட்டில் இருந்தவை நான்கு நிறுவனங்கள்! வாங்குவோர் கூடும் இடத்துக்கே போட்டி போகும். லாபமில்லாத மலைக்கு அதைக் கொண்டுவர ஒழுங்குபடுத்துவோரின் கட்டாயம் தேவை.

மார்க்கம் கூறும் சந்தை நெறி

மக்களின் தேவைப் பொருளை முடக்கி விலையேற்றும் ‘இஹ்திகார்’ என்ற பதுக்கலை இஸ்லாம் பாவமாக்கியது. சந்தை விலை தெரியாமல் வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே மடக்கி மலிவாக வாங்குவதையும் நபிகளார் (ஸல்) தடுத்தார்கள். அதேவேளை, இயல்பாக விலை ஏறியபோது விலை நிர்ணயிக்கும்படி கேட்கப்பட்டும் அவர்கள் இணங்கவில்லை.

14ம் நூற்றாண்டில் மறைந்த இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) இதை விளக்குகிறார்கள்: பலர் நேர்மையாக விற்கும் சந்தையில் ஆட்சியாளர் தலையிடக் கூடாது, ஆனால் குறிப்பிட்ட சிலர் மட்டுமே விற்கலாம் என்ற நிலை வந்தால், நியாய விலைக்கு விற்கும்படி அவர்களைக் கட்டாயப்படுத்துவது கடமையாகிறது. அனுமதிப்பத்திரம் பெற்ற மூவர் மட்டும் விற்கும் ஒரு சேவைக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் வேறென்ன?

நமது நாட்டுச் சட்டத்திலோ ஓர் ஓட்டை விழுந்தது. நிறுவனங்களின் இணைப்புகளை விசாரிக்கும் அதிகாரம் 1987ல் அமைந்த நியாய வர்த்தக ஆணைக்குழுவுக்கு இருந்தது. அதன் இடத்தில் வந்த 2003ம் ஆண்டின் நுகர்வோர் அதிகாரசபைச் சட்டத்தில் அந்த அதிகாரம் இடம்பெறவில்லை. ஆகவே தொலைபேசி விடயத்தில் பொறுப்பு முழுவதும் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் தோளில்தான் இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்?

மாத ரீலோட் செலவை ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். பெக்கேஜின் விலையை மட்டும் பாராமல், எத்தனை ஜிபி, எத்தனை நாளைக்கு என்று வகுத்துப் பாருங்கள். மலிவாகத் தெரிவது பல வேளைகளில் நாள் குறைந்ததாக இருக்கும். பாவித்து முடிக்குமுன் காலாவதியாகும் டேட்டாவும் நமது காசுதான்.

சிக்னல் இல்லாத ஊரென்றால் தனித்தனியாக அலுத்துக்கொள்வதில் பயனில்லை. மாதர் சங்கமோ பள்ளி நிர்வாகமோ முன்னின்று, இடம், நேரம், பாதிக்கப்படும் வீடுகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து, அயலிலுள்ள தமிழ், சிங்களக் குடும்பங்களின் கையொப்பத்தையும் சேர்த்து ஆணைக்குழுவுக்கு எழுதலாம். ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்கும் போகட்டும்.

விற்பவர்கள் குறைந்துவிட்டார்கள். இனிக் கேள்வி கேட்பவர்களாவது கூட வேண்டும்.