திருப்பணிக்கு முன் ஒரு படம்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு ஜடாயு தீர்த்தம்தான் முக்கியம். ராமர் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடம் என்பது தலபுராணம். இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1017-ல் பிறந்த ராமானுஜர் இளவயதில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் படித்ததும், பொருள் சொல்வதில் அவரோடு முரண்பட்டதும் இங்கேதான் என்கிறது வைணவ மரபு. அந்தப் பாடசாலை எப்படி இருந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பாழடைந்தாலும் படமாகப் பதிவான இடங்களும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எட்டாம் ஹென்றி 1536 தொடங்கி நாலைந்து வருடங்களில் கிறிஸ்தவத் துறவி மடங்களைக் கலைத்தான். கூரையில் வேய்ந்திருந்த ஈயத்தைக்கூட உருக்கி விற்றார்கள். மொட்டையாக நின்ற டின்டர்ன், ரீவோ மடங்களை 1850-களில் ஆங்கிலப் புகைப்படக்காரர் ராஜர் ஃபென்டன் தேடிப் போய்ப் படமெடுத்தார். கூரை இல்லையென்றால் வெளிச்சத்துக்கா பஞ்சம்? இன்றும் அவை இடிபாடுகளாகவே பராமரிக்கப்படுகின்றன.

நம்மூரில் பாழடைந்த மண்டபம் அப்படியே நிற்பது அபூர்வம். ஒன்று, ஆலமரம் வேர்விட்டுச் சரியும். இல்லையென்றால் திருப்பணி வரும். கூடவே பெயின்ட், தரையில் டைல்ஸ். மணல் பீச்சிச் சுத்தம் செய்கிறேன் என்று கல்வெட்டின் எழுத்தையே மழுங்கடித்த கோயில்களும் உண்டு. இடிந்ததைவிட இது மோசம் என்பேன். விழுந்த கல்லைத் தூக்கி நிறுத்தலாம், தேய்ந்த எழுத்தை என்ன செய்ய?

தடமே இல்லாமல் போனவையும் உண்டு. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய சூடாமணி விகாரம் இருந்தது. முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தை அதற்குக் கொடையளித்ததை லெய்டன் செப்பேடு சொல்கிறது. அங்கே எஞ்சி நின்ற செங்கல் கோபுரத்தை 1867-ல் இடித்துவிட்டார்கள். அதன் உருவம் நமக்குத் தெரிவது 1846-ல் யாரோ வரைந்துவைத்த ஓவியத்தால். இத்தனைக்கும் இடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் சென்னை அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் தஞ்சாவூர் வரை வந்து போயிருந்தார். பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கியவர் அவர். அரசுப் புகைப்பட வேலையே ஆடம்பரச் செலவென்று சென்னை கவர்னர் ட்ரெவெல்யனுக்குத் தோன்றியது, நிறுத்திவிட்டார்.

ட்ரைப் செய்ததை இன்று செல்போனிலேயே செய்யலாம். வெயில் நேராகச் சுவரில் அடிக்கும்போது மட்டும் கல்வெட்டைப் படமெடுக்காதீர்கள்; எழுத்து தட்டையாகிவிடும். வெயில் சுவரை உரசிக்கொண்டு வரும்போது, வெட்டின் ஒரு விளிம்பில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். நிழலிலேயே இருக்கும் சுவரென்றால் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் போதும். தூணை நேராக நின்று, நாலு முகமும் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு அளவுகோல் வேண்டும். தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையை விட்டுவிடக் கூடாது, மண்டபத்தின் காலத்தைக் கணிப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். அழகுக்காகச் சாய்த்து எடுத்த படம் நாட்காட்டிக்கு ஆகும், ஆய்வாளருக்கு ஆகாது.

கருவறையில் படமெடுக்கக் கூடாது. மற்ற இடங்களுக்கும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் தென்னகக் கோயில்களை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறது. புதுப்பித்த கோயிலின் பழைய தோற்றத்தைத் தேடுபவர்களுக்கு அதுதான் புகலிடம். உங்கள் படமும் அப்படிப் பயன்பட வேண்டுமானால் ஊர், எந்தத் திசைச் சுவர், தேதி மூன்றையும் அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள்.