பினாங்குக்குப் போனால் எந்தத் தெருவில் தங்குவது?

"பினாங்குக்குப் போய் வந்தோம்" என்று நம் தோட்டத்தில் யாராவது சொன்னால், அடுத்து என்ன கேட்கிறோம்? "என்ன வாங்கி வந்தீர்கள்?" என்று கேட்கிறோம். இல்லையேல், "ஆஸ்பத்திரியில் யார் இருக்கிறார்கள்?" என்று கவலையோடு கேட்கிறோம். "எங்கே தங்கினீர்கள்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. காரணம், நம்மில் பெரும்பாலோர் அங்கே தங்குவதே இல்லை. விடிந்ததும் கிளம்பி, பொழுது சாய்ந்ததும் திரும்பிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு என் வகுப்புப் பிள்ளைகளுக்கு "நான் கண்ட பினாங்கு" என்ற தலைப்பில் கட்டுரை கொடுத்தேன். ஒரு சிறுமி பெரிய ஆஸ்பத்திரியின் நீண்ட நடைக்கூடத்தைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தாள். அவள் தாத்தா அங்கே படுத்திருந்தாராம். நடைக்கூடத்து நாற்காலியின் நிறத்தைக்கூட எழுதியிருந்தாள். கடலைப் பற்றி ஒரு வரி இல்லை. அவள் மேல் குற்றமில்லை, வாசகர்களே! நாம் பிள்ளைகளுக்குக் காட்டிய பினாங்கு அவ்வளவுதான்.

பைராம் தோட்டத்தில் இருக்கும் நமக்கு ஜோர்ஜ்டவுன் தூரதேசமா? நிபோங் திபாலில் கொமுட்டர் இரயில் ஏறினால் பட்டர்வொர்த். இறங்கிச் சற்று நடந்தால் பெர்ரித் துறை. பழைய இரட்டைத் தட்டுப் பெர்ரிகள் 2020ஆம் ஆண்டின் முடிவோடு ஓய்வு பெற்றுவிட்டன. 2023 ஆகஸ்டில் வந்த புதிய பெர்ரிகள் சிறிது நேரத்தில் அக்கரை சேர்த்துவிடும். கார் உள்ளவர்களுக்கு 2014இல் திறந்த இரண்டாவது பாலம் பத்து காவானிலேயே இருக்கிறது. உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்து அந்தப் பழைய நகரத்தில் ஓர் இரவு தங்கிச் செல்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் நாம் தங்கியதில்லை!

தங்குவது என்றால் முதலில் வருவது பணக் கேள்வி. அதை நான் மறக்கவில்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஓர் இரவு வெளியூரில் தங்குவது நமக்குச் சின்ன விஷயமல்ல. அதனால்தான் சொல்கிறேன், விடுதியைப் பார்க்குமுன் தெருவைப் பாருங்கள். தெரு தவறிப் போனால் போட்ட பணமும் போச்சு, போன சந்தோஷமும் போச்சு.

நான் பட்ட பாடு

இதை அனுபவப்பட்டே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார், மனைவி, இரண்டு பிள்ளைகள் எல்லோரையும் அழைத்துக்கொண்டு போனேன். கைப்பேசியில் படத்தைப் பார்த்து, வாடகை மலிவாக இருக்கிறதே என்று ஓர் அறையைப் பிடித்திருந்தேன். போய்ப் பார்த்தால் பழைய கடைவீட்டின் மாடி. மரப்படி ஏணிபோல் செங்குத்தாக நின்றது. குளியலறை வேறு கோடியில். அறைக்குச் சன்னலே இல்லை. எதிர்வரிசையில் மதுக்கடை. நள்ளிரவு தாண்டியும் பாட்டும் கூச்சலும் ஓயவில்லை.

என் தாயாருக்கு முட்டி வலி. நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டிய கால்கள் அவை. ஒருமுறை ஏறியவர் மறுபடி இறங்க அஞ்சினார். மறுநாள் நாங்கள் ஊர் சுற்றியபோது அவர் அந்த இருட்டறையிலேயே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்ததும், "ஏன் தம்பி, இதுக்கு நம்ம லயத்துலயே இருந்திருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்றும் நெஞ்சில் இருக்கிறது.

அன்று நான் கற்ற பாடம் ஒன்றுதான். குடும்பத்தில் யாருடைய கால் மிகவும் தளர்ந்த காலோ, அந்தக் காலை வைத்து இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாட்டி நடக்கும் தூரத்தில் பார்க்க வேண்டியது இருந்தால் பேரனும் பார்ப்பான். பேரன் நடக்கும் தூரத்தைக் கணக்கிட்டால் பாட்டி அறையிலேயே கிடப்பார்.

இனி, பேட்டை பேட்டையாகப் பார்ப்போமா?

குயின் ஸ்திரீட் வட்டாரம்

லிட்டில் இந்தியா என்று இன்று அழைக்கப்படும் பகுதி இது. குயின் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட், இவற்றின் அடியில் குறுக்கே ஓடும் சூலியா ஸ்திரீட். பெர்ரித் துறையிலிருந்து நடந்தே வந்துவிடலாம். 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் குயின் ஸ்திரீட்டில் இருக்கிறது. சைவச் சாப்பாடு, பூக்கடை, புடவைக்கடை, மசாலைக்கடை எல்லாம் கைக்கெட்டும் தூரம். கடைக்காரரிடம் தமிழிலேயே வழி கேட்கலாம். முதல்முறை தங்கப் போகும் குடும்பத்துக்கும், வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன்.

இங்கிருந்து சில நிமிட நடையில் வரலாறு முழுவதையும் காலால் அளந்துவிடலாம். பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டில் ஆங்கிலக் கொடி ஏற்றிய இடத்தருகே கார்ன்வாலிஸ் கோட்டை. பழைய பிட் ஸ்திரீட்டில் 1801இல் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் கோயில், 1818இல் கட்டி முடித்த செயின்ட் ஜோர்ஜ் தேவாலயம் எல்லாம் ஒரே சாலையோரம். நாலு மதமும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் ஊரைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் ஏது?

குறையும் உண்டு. பகலில் கடைகளின் பாட்டுச் சத்தம் காதைத் துளைக்கும். விடியுமுன் பாங்கு ஒலி எழுப்பும். கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். பழைய கடைவீடுகளில் மின்தூக்கி இராது. எனவே கீழ்த்தள அறையாகக் கேளுங்கள்.

சூலியா ஸ்திரீட்டின் மேற்புறமும் லவ் லேனும்

முதுகில் பையைச் சுமந்து வரும் வெளிநாட்டு இளைஞர்கள் தங்கும் இடம் இது. மலிவான படுக்கைகள் கிடைக்கும். நாலு நண்பர்கள் சேர்ந்து போனால் குறையில்லை. ஆனால் இரவில் இங்கே மதுக்கடைகள் விழித்திருக்கும். கைக்குழந்தையோடும் வயதுப் பிள்ளைகளோடும் போகிறவர்கள் யோசிக்கவும். நான் பட்ட பாடு இத்தகைய தெருவில்தான்.

கொம்தாரைச் சுற்றி

பேருந்துகள் கூடும் இடம் கொம்தார். எந்தத் திசைக்கும் இங்கிருந்து போகலாம். பினாங்கு ரோட்டில் சௌராஸ்தா சந்தை இருக்கிறது; ஜாதிக்காய் ஊறுகாய் வாங்காமல் வீடு திரும்பினால் வீட்டில் கேள்வி வரும். மின்தூக்கி உள்ள மாடி ஹோட்டல்கள் இந்தப் பக்கம் அதிகம். மாடி ஏறமுடியாதவர்களுக்கு அது பெரிய உதவி. பழைய நகரத்தின் அழகு சன்னலுக்கு வெளியே தெரியாது, கொஞ்சம் நடக்கவேண்டும். அல்லது கொம்தாருக்கும் பெர்ரித் துறைக்கும் இடையே சுற்றிவரும் இலவசப் பேருந்தில் ஏறிக்கொள்ளலாம்.

தண்ணீர்மலைப் பக்கம்

தைப்பூசத்துக்குப் போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். பூசத்துக்கு முந்தின நாள் விடியற்காலையில் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளித் தேர் புறப்பட்டு நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலை நோக்கிப் போகும். 2017இல் குயின் ஸ்திரீட் கோயிலிலிருந்து தங்கத் தேரும் சேர்ந்துகொண்டது. மலைமேல் உள்ள பாலதண்டாயுதபாணி கோயில் 2012இல் புதிதாய் எழுந்தது. படிகள் 513!

எங்கே தங்குவது? எதற்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. தேர் புறப்படுவதைக் காண வேண்டுமானால் குயின் ஸ்திரீட் வட்டாரம். வீட்டில் யாராவது காவடியோ பால்குடமோ எடுத்தால் மலையடிப் பக்கம். விரதமிருந்து சுமந்தவர் வேண்டுதல் முடிந்ததும் நெடுந்தூரம் நடக்க வேண்டியிராது. அந்த நாட்களில் சாலைகளை மூடிவிடுவார்கள்; காரை நம்ப வேண்டாம். அறையைப் பல வாரங்களுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஓரிரு இரவு தங்க நேர்ந்தால், ஊர்ப்புறம் தேடாமல் ரெசிடென்சி ரோட்டை ஒட்டியே அறை தேடுங்கள். சலுகை வாடகை என்று தூரமாய்ப் போனால், வாடகைக் காருக்குக் கொடுத்தே மிச்சம் பிடித்தது கரைந்துவிடும்.

ஆயர் ஈத்தாமும் பத்து பெரிங்கியும்

பினாங்கு மலை இரயிலும் கெக் லோக் சீ கோயிலும் ஆயர் ஈத்தாம் பக்கம். மலை இரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. அந்தப் பக்கம் காற்று குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் கொம்தாரிலிருந்து 204ஆம் எண் பேருந்தே மலையடிக்குப் போவதால், இதற்காக அங்கே தங்க வேண்டியதில்லை. பத்து பெரிங்கி கடற்கரை அழகுதான். பிள்ளைகள் மணலில் விளையாடுவதே போதும் என்றால் அங்கே போகலாம். பழைய நகரத்தைப் பார்க்க வேண்டும் என்றால், பாதிப் பொழுது 101ஆம் எண் பேருந்திலேயே கழியும்.

தெருவில் மனிதர் இருக்கிறார்களா?

இன்னொன்றும் சொல்லவேண்டும். முன்பு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. குறைந்த வாடகையில் கடைவீடுகளின் மேல்மாடியில் குடும்பங்கள் குடியிருந்தன. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு முடிந்தது. வாடகை ஏறியது, பல குடும்பங்கள் வெளியேறின. 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜோர்ஜ்டவுனை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பெருமைதான்! ஆனால் குடியிருந்த வீடுகள் பல விடுதிகளாயின. தோட்டம் கைமாறியபோது லயத்தைவிட்டுக் கிளம்பிய நமக்கு, அந்தக் குடும்பங்களின் வலி புரியாதா?

இது பினாங்கின் கதை மட்டுமல்ல. இத்தாலியின் வெனிஸ் நகரத்தில் 1951 வாக்கில் ஏறத்தாழ 1,75,000 பேர் குடியிருந்தார்கள். இன்று பழைய நகரத்தில் 50,000 பேருக்கும் குறைவு. காலையில் வந்து மாலையில் திரும்பும் கூட்டம் தாங்காமல், 2024 முதல் சில நாட்களில் அவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். இரவு தங்குகிறவர்களுக்கு அந்தக் கட்டணம் இல்லை. தங்குகிற விருந்தாளி ஊருக்கு வேண்டியவன் என்பதை அவர்களும் உணர்ந்திருக்கிறார்கள்.

ஆகவே, பூ தொடுப்பவரும் நகை செய்பவரும் மாவு அரைப்பவரும் இன்னும் தொழில் நடத்தும் தெருவில் தங்குங்கள். நீங்கள் அங்கே சாப்பிடும் தோசைக் காசு அந்தத் தெருவின் அடுப்பை எரிய வைக்கும். ஆனால் அது மற்றவர் குடியிருக்கும் இடம் என்பதையும் மறக்க வேண்டாம். காக்கி லீமாவில் உட்கார்ந்து உரக்கப் பேசுவதும், கடலோரத்துச் சீனர் பலகை வீடுகளுக்குள் எட்டிப்பார்ப்பதும் வேண்டாமே.

பணம் கட்டுமுன் கேளுங்கள்

படத்தை மட்டும் நம்பாதீர்கள். தொலைபேசியில் அழைத்து ஐந்து கேள்வி கேளுங்கள். அறை எந்தத் தளத்தில்? குளியலறை உள்ளேயா, வெளியேயா? சன்னல் உண்டா? எத்தனை பேர் படுக்கலாம், கூடுதல் மெத்தைக்கு எவ்வளவு? அருகில் மதுக்கடை உண்டா? பதில் சொல்லச் சலித்துக்கொள்ளும் இடத்தில் தங்க வேண்டாம்.

நானும் அடுத்த முறை இதையெல்லாம் கேட்டுத்தான் போனேன். குயின் ஸ்திரீட்டை ஒட்டிய சந்தில் கீழ்த்தள அறை. வாடகை முன்னதைவிடக் கொஞ்சம் கூடுதல். அதற்காக இரண்டு இரவை ஓர் இரவாகக் குறைத்துக்கொண்டோம். விடிந்து எழுந்து பார்த்தால் கட்டிலில் தாயாரைக் காணோம்! பதறிப்போய் ஓடினேன். கோயில் வாசலில், பூ விற்கும் அம்மாளோடு உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார். மணிச் சத்தம் கேட்டுத் தாமாகவே நடந்து வந்துவிட்டாராம்.

"எங்கப்பா ரஜூலா கப்பல்ல வந்து எறங்கி, இந்தத் தெருவுலதான் மொதமொதல்ல சோறு தின்னேன்னு சொல்லுவாரு. எத்தனை வருசமாப் பார்க்கணும்னு இருந்தேன். நீ என்னை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டு வந்தே" என்றார் சிரித்துக்கொண்டே.

எனக்குப் பேச வாய் வரவில்லை. நம் பெரியவர்கள் எத்தனை பேரின் நெஞ்சில் இப்படி ஒரு தெரு இருக்கிறதோ? அடுத்த பள்ளி விடுமுறைக்கு முன் உங்கள் வீட்டுப் பெரியவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் தெருவின் அருகே ஓர் இரவு தங்குங்கள்.

வரும் ஆண்டும் என் வகுப்பில் அதே கட்டுரைத் தலைப்பைக் கொடுப்பதாக இருக்கிறேன். அந்தச் சிறுமி இந்த முறை கடலைப் பற்றியும் நாலு வரி எழுதவேண்டும் என்பதே என் ஆசை.