டெலிவிஷன் வாங்கப் போகிறீர்களா?

வீட்டுக்குப் புது டெலிவிஷன் வாங்குவதென்று தீர்மானமாகிவிட்டதா? அப்படியானால் ஒரு வாரத்துக்கு வீட்டில் அமைதி இராது! "பெரிசாக இருக்கவேண்டும்" என்பார் அவர். "கிரிக்கெட் பந்து பளிச்சென்று தெரியவேண்டும்" என்பான் பிள்ளை. "பேசுவது காதில் விழுந்தால் போதும், அம்மா" என்பார் மாமியார். பணத்துக்குக் கணக்குப் போடுவது மட்டும் உங்கள் தலையில்! அப்படியிருக்க, தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் நீங்களே ஏற்றுக்கொண்டால் என்ன?

1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கிய காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. கறுப்பு வெள்ளைப் பெட்டி, ஒரே நிலையம்; தெருவில் யார் வீட்டிலாவது இருந்தால் ஊரே அங்கே கூடிவிடும். இன்றோ கடைக்குள் நுழைந்ததும் எல்.இ.டி., ஓ.எல்.இ.டி., கியூ.எல்.இ.டி. என்று விற்பனையாளர் மந்திரம் ஓதுகிறார்.

மந்திரத்தின் அர்த்தம் எளியதுதான். எல்.இ.டி. பெட்டியில் திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது. கியூ.எல்.இ.டி. அதற்குத் தங்கை, வண்ணங்கள் சுத்தமாகத் தெரிய நடுவில் ஒரு மெல்லிய படலம் அதிகம், அவ்வளவே. ஓ.எல்.இ.டி.யில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிவிடும், தானே அணையும். அதனால் கறுப்பு, கறுப்பாகவே இருக்கும். விலையும் அதிகம். நாள் முழுவதும் ஒரே சானல் ஓடும் வீட்டில், மூலையில் நிற்கும் சானலின் முத்திரை நாளடைவில் திரையிலேயே தழும்பாகத் தங்கிவிடவும் கூடும். ஜன்னல் வெளிச்சம் நிறைந்த கூடத்துக்கு நல்ல எல்.இ.டி. பெட்டியே தாராளமாகப் போதும்.

கடைக்குப் புறப்படுமுன் தையல் டேப்பை எடுங்கள். உட்காரும் இடத்துக்கும் டெலிவிஷன் வைக்கும் சுவருக்கும் எத்தனை அங்குலம் என்று அளந்து, அதை ஒன்றரையால் வகுத்துப் பாருங்கள். ஏழு அடி என்றால் 84 அங்குலம், வகுத்தால் 56. ஆகவே 55 அங்குலப் பெட்டி பொருந்தும். ஐந்தரை அடிதான் என்றால் 43 அங்குலம் போதும். இந்த அங்குலக் கணக்கு திரையின் மூலைக்கு மூலை அளவு என்பதை மறக்கவேண்டாம். 55 அங்குலப் பெட்டியின் அகலம் ஏறக்குறைய நான்கு அடி. அலமாரியில் இடம் உண்டா?

4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள், முழு எச்.டி. திரையில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு. ஆனால் உங்கள் வீட்டுக்கு வருவது சாதாரண கேபிள் படம்தான் என்றால், பெரிய திரை அதன் குறைகளையும் பெரிதாக்கித்தான் காட்டும். மாவு எப்படியோ, தோசையும் அப்படியே!

கடையில் பட்டுப்புடவையை அப்படியே நம்பி வாங்குவோமா? வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்ப்போம். டெலிவிஷனையும் அப்படித்தான் பார்க்கவேண்டும். கடையில் ஓடும் மயில்களும் மலர்த் தோட்டங்களும் கண்ணைப் பறிப்பதற்கென்றே தயாரித்தவை. வெளிச்சத்தையும் கூட்டி வைத்திருப்பார்கள். "வீட்டில் பார்ப்பதுபோல் மாற்றி, ஒரு சாதாரண சானலைப் போடுங்கள்" என்று கேளுங்கள். பிறகு ஓரமாக நகர்ந்து நின்று பாருங்கள். சில திரைகளில் பக்கவாட்டில் வண்ணம் வெளுத்துவிடும். சமையலறை வாசலில் நின்றபடி பாதிக் கதையைப் பார்க்கிறவர்களுக்கு இந்தச் சோதனை மிக முக்கியம்.

அடுத்து, சத்தம். பெட்டி மெலிய மெலிய ஒலிபெருக்கிக்கு உள்ளே இடமில்லாமல் போய்விட்டது. பாட்டு கேட்கும், வசனம் புரியாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இரண்டு அங்குலம் சிறிய பெட்டியாக வாங்கி, மிச்சப் பணத்தில் தனியாக ஒரு சவுண்ட்பார் வாங்குவது புத்திசாலித்தனம்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. "வட்டியில்லாத் தவணை" என்றதும் மகிழ்ந்துவிடாதீர்கள். ரொக்கமாகக் கொடுத்தால் என்ன தள்ளுபடி, தவணைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று இரண்டையும் கேட்டுக் கூட்டிப் பாருங்கள். வட்டி எங்கே ஒளிந்திருக்கிறதென்று தெரிந்துவிடும். நட்சத்திரச் சீட்டில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும்; அதையும் பார்த்துவிடுங்கள். திரைக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம், பழுதுபார்க்க உங்கள் ஊரில் ஆள் உண்டா என்பதைக் கேட்காமல் பணத்தை நீட்டாதீர்கள். பெட்டியிலேயே விலையுயர்ந்த பாகம் திரைதான்.

வீட்டுக்கு வந்ததும், கொண்டுவந்தவர் போவதற்குள் பிரித்து, ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள். குழந்தைகள் இழுத்துத் தள்ளிவிடாதபடி சுவரில் நன்றாகப் பொருத்தச் சொல்லுங்கள். பழைய குழாய்ப் பெட்டி இருந்தால் குப்பையில் போட்டு உடைக்கவேண்டாம். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. பகல் முழுதும் அந்தப் பெட்டியோடு வீட்டில் இருக்கப்போவது யார்? பெரும்பாலும் மாமியாராக இருக்கும். பணத்தைக் கொடுக்குமுன் ரிமோட்டை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். யார் உதவியும் இல்லாமல் தமக்கு வேண்டிய சானலை அவர் போட்டுக்கொண்டாரானால், அந்தப் பெட்டியையே தாராளமாக வாங்கலாம்.